பதினாலு தலைமாடு

பெரிய டாக்டர் மாடியேறி வருகிறார் என்றதுமே, "வெளிய போங்க, வெளிய போங்க, ரவுண்ட்ஸ் முடியிற வரைக்கும் ஒரு ஆளு உள்ள நிக்கப்படாது" என்று அம்மாமார் எல்லாரையும் ஆட்டைப் பத்துகிற மாதிரி பத்தி, கம்பிக்கதவை இழுத்துக் கொக்கியைப் போட்டுவிட்டாள் ஆயா. செல்லக்கனிக்கு முன்னால் இடம் கிடைத்தது. கிடைத்தது என்ன, பின்னால் நின்றவர்கள் நெருக்கின நெருக்கில் கம்பியோடு ஒட்டிக்கொண்டாள். கன்னத்தில் துருவின் சில்லிப்பு. துரு வாசனை, பினாயில் வாசனை, தன் சேலையிலிருந்தே வருகிற புளித்த பால் வாசனை, மூன்று நாளாக மாற்றாத சேலை. "நல்லா அமுக்குங்கடி, கம்பிக்குள்ள பூந்து அந்தப் பக்கம் போயிருவோம்" என்று யாரோ சொல்ல ரெண்டு பேர் சிரித்தார்கள், எப்படித்தான் சிரிக்க வருகிறதோ. மணி ஒன்பதரை. இங்கிருந்து பார்த்தால் பதினாலாம் கட்டில் நேராகத் தெரியும். டெங்கு நேரம், கட்டில் பத்தவில்லை, எல்லாக் கட்டிலிலும் ரெண்டு ரெண்டு பிள்ளைகள், ஒன்று தலைமாட்டில் ஒன்று கால்மாட்டில், நடுவில் பிஞ்சுக் கால்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். இங்கே பிள்ளைகளுக்குப் பேர் கிடையாது. பதினாலு தலைமாடு, பதினாலு கால்மாடு, அவ்வளவுதான். நர்சம்மா அப்படிச் சொல்லுவாள், டாக்டர்மார் அதையே ஹெட் என்றும் ஃபுட் என்றும் சொல்லிக்கொள்ளுவார்கள், அது அவளுக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. தலைமாடு என்றால் மரிய புஷ்பத்தக்காவின் மகள் ஜெனிபா. கால்மாடு என்றால் இவள் மகள் வர்ஷிதா. மூன்று நாளாக அப்படித்தான். இன்றைக்குக் காலையில் மட்டும் மாறிக் கிடக்கிறார்கள், தலைமாட்டில் வர்ஷிதா, கால்மாட்டில் ஜெனிபா, அது இந்த உலகத்தில் செல்லக்கனிக்கும் புஷ்பத்தக்காவுக்கும் மட்டும்தான் தெரியும், புஷ்பத்தக்கா இப்போது இங்கே இல்லை.

காற்றுக்காகத்தான் மாற்றியது. விசிறி தலைமாட்டுக்கு நேர் மேலே சுற்றும், கால்மாட்டுக்கு அதன் சத்தம் மட்டும்தான் வரும். விடிந்ததிலிருந்து வர்ஷிதா நெளிந்துகொண்டே கிடந்தாள், அழுகைகூட இல்லை, சின்ன முனகல், செல்லக்கனி சேலைத் தலைப்பால் வீசி வீசிக் கை ஓய்ந்துபோய்விட்டது. புஷ்பத்தக்கா பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தாள். "எம்மா, எத்தனை நேரந்தான் வீசுவ? என் பிள்ளைதான் தூங்குதுல்லா, அது எங்க கிடந்தா என்ன. உன் பிள்ளைய இந்தப் பக்கம் போடு" என்று சொல்லி, சொன்ன கையோடு ஜெனிபாவைத் தூக்கிக் கால்மாட்டில் கிடத்தி, குளுக்கோஸ் பாட்டில் மாட்டின கம்பியையும் தானே நகர்த்தி, இவள் வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செல்லக்கனி ம் என்றாள். காற்று பட்டதும் வர்ஷிதாவின் முனகல் நின்றது. பிறகு எட்டு மணிக்கு நர்சம்மா வந்து புஷ்பத்தக்காவின் கையில் ஜெனிபாவின் ரத்தம் எடுத்த குப்பியையும் சீட்டையும் கொடுத்து, பிளட் பாங்குக்குப் போய் ரத்தம் வாங்கி வா என்றாள். ஜெனிபாவுக்கு முந்தாநாள் சாயங்காலத்திலிருந்து கறுப்பாகப் போகிறது, ரத்தம் ஏற்ற வேண்டுமாம். "என் பிள்ளையையும் ஒரு கண்ணு பாத்துக்கட்டி, வந்துருதேன்" என்று போனவள்தான். ஒரு கண்ணு. அந்தக் கண் இப்போது கம்பிக்கு இந்தப் பக்கம் நிற்கிறது. ரெண்டு பிள்ளைக்கும் மொட்டைத்தலை, ஒன்று கோயிலில் போட்டது, ஒன்று மாதா கோயிலில் போட்டது, இங்கிருந்து பார்த்தால் ரெண்டும் ஒரே அச்சு. கையில் பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால் பேர் எழுதியிருந்தார்கள், காய்ச்சலுக்கு ஈரத்துணி வைத்துத் துடைத்துத் துடைத்து, பேர் நீலக்கறையாகக் கரைந்துபோய்விட்டது. பெத்தவளுக்குப் பேர் எதற்கு, காது மடலைப் பார்த்தால் தெரியும், வர்ஷிதாவுக்கு இடது காதுக்குப் பின்னால் எள்ளு மாதிரி மச்சம். ஆனால் டாக்டர் யாராவது காதுக்குப் பின்னால் பார்ப்பார்களா, எதற்குப் பார்க்கிறார்கள்.

சொல்லிவிடலாம். வருகிறபோது சொல்லிவிடலாம், சார், பிள்ளைகள் மாறிக் கிடக்காவ என்று. எத்தனை சொல், நாலு சொல். நாலு சொல்லை வாய்க்குள்ளேயே ஒருதரம் சொல்லிப் பார்த்தாள், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. அவளுக்கு எப்போதும் இப்படித்தான், சொல் தொண்டைவரைக்கும் ஓடி வரும், ஆளைக் கண்டதும் திரும்பிப் போய்விடும். முதல் நாள் கேசுவால்டியில் அந்த டாக்டர் கேட்டாரே, பிள்ளையைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார், எத்தனை நாளா காய்ச்சல், வாந்தி எத்தனை தடவை, மூத்திரம் கடைசியா எப்ப போச்சு, ஒரு கேள்விக்குப் பதில் தேடுவதற்குள் மூணாவது கேள்வி வந்துவிட்டது, இவள் ம் என்றாள், எல்லாவற்றுக்கும் ம். "வாயைத் தொறந்து சொல்லும்மா, நான் என்ன ஜோசியமா பாக்கேன்? மூத்திரம் எப்ப போச்சுன்னா ம்முங்க. எந்த ம்மு? ஆங்?" பின்னால் வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. காது ரெண்டும் சுட்டது. அப்போதுதான் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், "நேத்து மத்தியானத்துலேர்ந்து போவலியாம் டாக்டர். வரிசையில நிக்கும்போது எங்கிட்ட சொன்னா. பயந்த பிள்ளை, அரட்டாதீங்க." யாரென்று திரும்பிப் பார்த்தால் புஷ்பத்தக்கா, இடுப்பில் ஜெனிபா, கடற்கரைக்காரி, தோள் அகலம், குரலும் அகலம். அந்த நிமிஷத்திலிருந்து இவளுக்கும் சேர்த்து அவள்தான் வாய். நர்சம்மாவிடம் பாட்டில் முடியப்போகுது என்பது, ஊசி போட்ட இடம் வீங்குது என்பது, கோட்டயத்தில் டைல்ஸ் வேலைக்குப் போயிருக்கிற இவள் புருஷனுக்குப் போன் போட்டு "லே தம்பி, உன் பொண்டாட்டி இங்க பேசாமக் கெடந்து சாவுதா, கிளம்பி வாடே" என்பது, எல்லாம் அவள்தான். சீட்டை எழுத்துக்கூட்டி வாசித்துச் சொன்னதும் அவள்தான், "உன் மகளுக்கு ஓ பாசிட்டிவாம், என் மகளுக்கு பி பாசிட்டிவ். உன் மக ரத்தம் என் மகளுக்கு ஆகுமாம், என் மகளோடது உன் மகளுக்கு ஆவாதாம். தப்பா ஏத்தினா உள்ளயே எதுத்துக்கிட்டு ஆளையே கொன்னுருமாம், லேப்புல சொன்னாவ" என்று சொல்லி, "என்னைய மாதிரித்தான் என் மகளும், கண்டவங்களோட ஒத்துப்போகாது" என்று தானே சிரித்தாள். இரவல் வாய். மூன்று நாள் இரவல் வாயில் பேசிப் பழகிவிட்டு இன்றைக்குச் சொந்த வாயைத் தேடினால் எங்கே இருக்கும்.

பெரிய டாக்டர் வந்துவிட்டார். குள்ளமாக, வெள்ளைக் கால்சட்டை, பின்னால் பத்துப் பதினைந்து பேர். "தாய்க்கோழியும் குஞ்சுகளும் வருது பாரு" என்றாள் காதோரத்தில் ஒருத்தி. இன்றைக்கு வேறே யூனிட்டு, நேற்றுப் பார்த்த முகம் ஒன்றுகூட இல்லை. காலையில் எட்டு மணிக்கு அந்தக் கண்ணாடி போட்ட பொம்பளை டாக்டர், ராத்திரி பூராவும் நின்றவள், ரெண்டு பிள்ளைகளையும் முகம் தெரிந்தவள், வாசல் மேசையில் நின்றபடியே ஒரு துண்டுத்தாளைப் பகல் டூட்டிக்கு வந்த ஒல்லி டாக்டரிடம் நீட்டி, பதினாலு ஹெட் மோசம், பதினாலு ஃபுட் சுமார், பார்த்துக்கோ என்று சொல்லிவிட்டு, கொட்டாவி விட்டுக்கொண்டே போனாள். கட்டிலுக்கு வரவில்லை. வந்திருந்தால் ஒருவேளை கண்டிருப்பாள். கொட்டாவி, ஒரு கொட்டாவி அளவு தூரம். இப்போது ஒல்லி டாக்டர் அந்தத் துண்டுத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கட்டில் கட்டிலாக ஒப்பிக்கிறார், பரீட்சை மாதிரி, தொண்டைமணி ஏறி ஏறி இறங்குகிறது. பத்தாம் கட்டிலில் பெரியவர் எதற்கோ கத்தினார், "யாரு பாத்தா இந்தக் கவுண்ட்டு? நீயா? கண்ணு இருக்கா உனக்கு?" ஒல்லி டாக்டர் தரையைப் பார்த்தார். அட, இவரும் நம்மைப் போலத்தானா. பன்னிரண்டு. பதிமூன்று. வர்ஷிதா கையை ஆட்டுகிறாள், விசிறியைப் பார்க்கிறாள்போல. பதினாலு. எல்லாரும் கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டார்கள், முதுகுகள், முதுகுகளின் நடுவில் ஒரு மொட்டைத்தலை. இங்கிலீசில் ஒல்லி டாக்டர் என்னென்னவோ சொன்னார், நடுநடுவே இவளுக்குத் தெரிந்த சொற்கள் மீன் துள்ளுகிற மாதிரி துள்ளின, ஹெட், பிளேட்லெட், பிரஷர், மோஷன் பிளாக், பிளட். எல்லாம் ஜெனிபாவினுடையது. ஜெனிபாவின் கதையை வர்ஷிதாவுக்கு மேலே நின்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பெரியவர் குனிந்து வர்ஷிதாவின் கால் பெருவிரலை அழுத்திவிட்டு எடுத்தார், வயிற்றைத் தட்டினார், சில்லுனு இருக்கு என்றார். சில்லென்றுதான் இருந்தது, நேற்றிலிருந்தே சில்லென்றுதான் இருந்தது, யாரும் அழுத்திப் பார்க்கவில்லை. "ஐசியூல எத்தனை பெட் இருக்கு?" "ஒண்ணே ஒண்ணு சார்." "அப்ப ஹெட்டை உடனே ஷிப்ட் பண்ணு. பிளட் வந்ததும் அங்க ஏத்தட்டும். ஃபுட்டு இங்கயே இருக்கட்டும், வாட்ச் பண்ணு."

ஐசியூ. அந்தச் சொல்லைக் கேட்டதும் கம்பிக்கதவுக்கு இந்தப் பக்கம் எல்லாரும் இன்னும் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். ஐசியூ என்றால் ஒரு பிள்ளைக்கு ஒரு கட்டில். ஒரு கட்டிலுக்கு ஒரு பெட்டி, அதில் பச்சைக்கோடு ஓடும், கோடு ஓடுகிறவரைக்கும் பிள்ளை இருக்கும். முந்தாநாள் ஒன்பதாம் கட்டில் பிள்ளையைக் கொண்டுபோனார்கள், இன்றைக்குக் காலையில் பிஸ்கட் தின்கிறதாம். பதினொன்றைக் கொண்டுபோகவில்லை, இடமில்லை, வாட்ச் பண்ணு என்றார்கள். வாட்ச்தான் பண்ணினார்கள். நேற்று மத்தியானம் பதினொன்றின் தகப்பன் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கினான், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் போகிற மாதிரியே தலையைக் கையால் தாங்கிக்கொண்டு, இனிமேல் எதற்குத் தாங்க வேண்டும். வாட்ச் பண்ணு என்றால் அதுதான். ஃபுட்டு என்றால் இப்போது ஜெனிபா. ஹெட் என்றால் வர்ஷிதா. நாலு சொல் தொண்டைக்கு வந்தது. வந்தது, வரவில்லை என்று சொல்ல முடியாது, மேலே வந்து நாக்கு நுனியில் உட்கார்ந்தது, அதை அவளே திரும்ப விழுங்கினாள். முதன்முதலாக விழுங்கினாள். இத்தனை நாள் அது தானாகப் போய்க்கொண்டிருந்தது. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கிறது, அந்த வித்தியாசம் தொண்டையில் கல்லுப்பு மாதிரி கரகரத்தது. அஞ்சாம் வகுப்பில் சார் மேசைமேல் இருந்த உலக உருண்டையைச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்டுச் சுற்றினாள், அது கழன்று விழுந்து ஒடுங்கிப்போயிற்று, யாரு, யாரு என்று சார் கம்பைத் தட்டியபோது இந்தச் சொல்லெல்லாம் இப்படித்தான் வந்து நின்றது. அடி வாங்கினது வேலம்மா, நெட்டை, எப்போதும் சளசளவென்று பேசுகிறவள். விரல் முட்டியில் ஆறு அடி. செல்லக்கனியை யாரும் கேட்கவே இல்லை. "அவளா? அவ பாவம், வாயத் தொறந்து தண்ணி கேக்க மாட்டா." அன்றைக்கே அது தெரிந்துவிட்டதோ என்னவோ, பேசாதவள் தப்புச் செய்ய மாட்டாள் என்று ஊரே நம்புகிறது என்று. வேலம்மா முட்டி வீங்கின கையோடு இவளுக்குப் பாதி நெல்லிக்காய் தந்தாள். அந்தப் புளிப்பு இப்போது எதற்கு வாயில் ஊறுகிறது. அங்கே ஒல்லி டாக்டர் நகரவில்லை. கேஸ் ஷீட்டைப் பார்க்கிறார், பிள்ளையைப் பார்க்கிறார், ஷீட்டைப் பார்க்கிறார், துணியை விலக்கிப் பார்க்கிறார், கறுப்பாக எதுவும் இல்லை. "சார், இந்தப் பிள்ளைக்கு..." "என்ன?" "ஒண்ணுமில்ல சார், ஷீட்ல இருக்கதுக்கும்..." "நைட் டூட்டி உனக்கு என்ன ஹேண்டோவர் குடுத்தா?" "ஹெட் மோசம்னு சார்." "பெருவிரல் எப்படி இருக்கு?" "சில்லுனு இருக்கு சார்." "பிறவு என்ன? உனக்கு மட்டும் தனியா ஞானம் வந்துட்டா?" குஞ்சுகள் சிரித்தன. ஒல்லி டாக்டரின் தொண்டைமணி ஏறி, நின்று, இறங்கியது. விழுங்கிவிட்டார். அவர் விழுங்கினதை இவள் பார்த்தாள், அந்த வார்டில் அதைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆள் இவள்தான். ஒரு நிமிஷம் அவர் மேல் பெரிய பாசமாக வந்தது, உடனே பயம் வந்தது, ஏனென்றால் அவர் கம்பிக்கதவை நோக்கி நடந்து வந்தார். கேட்கப்போகிறார். கேட்டால் சொல்லிவிடலாம், கேட்கிறவரிடம் மறைக்கவா போகிறோம், கேட்கவில்லை என்றால்தானே, கேட்டுவிட்டால், மாதாவே, கேட்காமல் இருக்கட்டும். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் கேட்டார், "பதினாலு தலைமாடு அம்மா யாரு?"

"நாந்தான்" என்றாள் செல்லக்கனி. கணீரென்று வந்தது. பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள், இவளுக்கு இப்படி ஒரு குரலா என்று. பொய் இல்லை. தலைமாட்டில் கிடப்பது யார், வர்ஷிதா, வர்ஷிதாவுக்கு அம்மா யார், நாந்தான். பிள்ளையின் பேரைக் கேட்டாரா, கேட்கவில்லை. என்ன பேர் என்று அவர் வாய் திறக்கப்போன மாதிரித்தான் இருந்தது, அதற்குள் அங்கேயிருந்து பெரியவர் அடுத்த கட்டிலைத் தட்டினார், இவர் ஓடினார். பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது, தள்ளுவண்டி வந்தது, கொக்கி திறந்தது, வர்ஷிதாவை வண்டியில் வைத்தார்கள், பாட்டிலை இவள் கையில் கொடுத்து உயரத் தூக்கிப் பிடி என்றார்கள். கட்டிலைத் தாண்டும்போது பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தாள். ஜெனிபா கண்ணைத் திறந்து கிடந்தாள். அழவில்லை. உதட்டோரம் வெடித்திருந்தது. இவளைத் தெரிந்துகொண்டு ஒரு கையைப் பாதி தூக்கினாள், நேற்று இவள் மடியில் படுத்துப் பால்பாக்கெட்டுக் கவரைக் கசக்கி விளையாடின கை. வண்டிச் சக்கரம் ஒன்று கோணல், கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டே வந்தது, நடைபாதை முழுக்க அது ஒன்றுதான் பேசியது. புஷ்பத்தக்காவுக்கு ஆறு அண்ணன் தம்பிமார், இவளுக்கு யார் இருக்கிறார்கள். புஷ்பத்தக்காவுக்கு வீட்டில் இன்னும் ரெண்டு பிள்ளைகள் இருக்கின்றன, இவளுக்கு இது ஒன்று. புஷ்பத்தக்கா கத்தினால் வேறே ஒரு கட்டில் கிடைக்கும், வாய் இருக்கிறவளுக்கு எல்லாம் கிடைக்கும், வாய் இல்லாதவளுக்கு இப்படிக் கிடைத்தால்தான் உண்டு. கிரீச். சரிதானே. கிரீச். சாயங்காலம் இன்னொரு கட்டில் காலியானால் ஜெனிபாவையும் கொண்டு வருவார்கள், ரெண்டு பேரும் அங்கேயே பக்கத்துப் பக்கத்தில். எப்படிக் காலியாகும் என்பதை அவள் நினைக்கவில்லை. ஐசியூ கதவு கண்ணாடி. முகமூடி போட்ட சிஸ்டர் ஷீட்டை வாங்கிப் பார்த்தாள். "ஜெனிபாதானே? மரிய புஷ்பம் மகள்?" ம். அந்த ம் எங்கிருந்து வந்தது, பழக்கத்தில் வந்ததா, நினைத்து வந்ததா, அவளுக்கே தெரியவில்லை. "நீ வெளிய இரு. பி பாசிட்டிவ் ரத்தம் வாங்க ஆள் போயிருக்காமே, வந்ததும் ஏத்திருவோம், பயப்படாத." கதவு சாத்திக்கொண்டது.

பி பாசிட்டிவ். கதவுக்கு முன்னால் நின்றாள். பி என்றால் ஜெனிபா. ஓ என்றால் வர்ஷிதா. உள்ளயே எதுத்துக்கிட்டு. கட்டிலை மட்டும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், காற்றை வாங்கிக்கொண்டது போல. கட்டிலோடு பேரும் வந்தது, பேரோடு ரத்தமும் வருகிறது. ஆளையே கொன்னுருமாம். கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே சிஸ்டர் திரும்பாமலே கையைக் காட்டினாள், உட்கார் என்று. மறுபடி தட்டினாள். "சிஸ்டர்" என்றாள், அது அவள் காதுக்கே எட்டவில்லை. கொஞ்சம் முன்னால் நாந்தான் என்று கணீரென்று வந்த குரல் எங்கே போயிற்று, அது தனக்குச் சொந்தமில்லை, அதையும் இரவல் வாங்கித்தான் பேசியிருக்கிறாள். உள்ளே வர்ஷிதாவின் நெஞ்சில் வட்ட வட்டமாக ஒட்டுகிறார்கள், பெட்டியில் பச்சைக்கோடு ஓட ஆரம்பித்துவிட்டது, எத்தனை அழகாக ஓடுகிறது, மகளே. நடைபாதையின் அந்தக் கோடியில் புஷ்பத்தக்கா வந்தாள். கிட்டத்தட்ட ஓட்டம். ரத்தப்பையை முந்தானைக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள், வார்டு வாசலிலேயே, உன் மகளை ஐசியூவுக்குக் கொண்டுபோயாச்சு என்று சொல்லியிருப்பார்கள். முகம் பூராவும் வியர்வை, பல் தெரியச் சிரிப்பு. "கிடைச்சிட்டாமேட்டி பெட்டு! மாதா காப்பாத்திட்டா. நீயும் பிள்ளைய விட்டுட்டு எனக்காக இங்க வந்து நிக்கியாக்கும்? தங்கம்ட்டி நீ" என்று ஒரு கையால் இவள் கன்னத்தைத் தடவினாள். அந்தக் கை ரத்தப்பையைத் தொட்ட கை, குளிர்ந்து கிடந்தது. கதவு திறந்து சிஸ்டர் பைக்காகக் கையை நீட்டினாள். பை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிற தூரம் ஒரு முழம் இருக்கும். அந்த ஒரு முழத்துக்குள் செல்லக்கனி பாய்ந்து பையைப் பிடித்தாள். "அக்கா, உள்ள கிடக்கது எம்பிள்ளை." ஜெனிபாவுக்காக இல்லை. தன் பிள்ளைக்காகத்தான். அது அவளுக்குத் தெரியும்.

அப்புறம் சத்தம். புஷ்பத்தக்காவின் சத்தத்தில் பக்கத்து வார்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஒல்லி டாக்டர் ஓடிவந்தார், ஐசியூ டாக்டரம்மா வெளியே வந்து எல்லாருக்கும் நடுவில் அவரைப் பிடித்தாள், "யார் பிள்ளைன்னே தெரியாம அனுப்புவியா? கொஞ்சம் விட்டா ரத்தத்தையும் ஏத்தியிருப்போம். ரெண்டையும் சரிபார்த்து, தாளைச் சரிபண்ணிட்டு பிறவு அனுப்பு." அவர் சரி மேடம் என்றார், சரி மேடம், சரி மேடம். வட்ட வட்டமாக ஒட்டினதை உரித்தார்கள், பச்சைக்கோடு நின்றது. வண்டியை வெளியே தள்ளுகிறபோதே கேசுவால்டியிலிருந்து இன்னொரு வண்டி எதிரே வந்தது, வலிப்பில் வெட்டி வெட்டி இழுக்கிற ஒரு பையன், அவன் அம்மா தலைமுடி அவிழ்ந்து பின்னாலேயே ஓடிவருகிறாள். கதவு அந்த வண்டிக்குத் திறந்தது, சாத்தியது. "இருந்த ஒரு பெட்டும் போச்சு" என்றார் ஒல்லி டாக்டர், யாரிடமும் இல்லை, சுவரிடம். "சாயங்காலம் பாக்கலாம்."

பதினாலாம் கட்டிலுக்கே வந்து சேர்ந்தார்கள். ஜெனிபாவைத் தலைமாட்டில் போட்டார்கள், வர்ஷிதாவைக் கால்மாட்டில் போட்டார்கள், ரெண்டு பேர் கையிலும் புதிய பிளாஸ்திரி, புதிய பேர். ஜெனிபாவுக்கு ரத்தம் சொட்டுச் சொட்டாக இறங்க ஆரம்பித்தது, அவள் கண்ணைத் திறக்கவில்லை. பெரிய டாக்டர் திரும்ப வந்து நின்றார், மணி பதினொன்று இருக்கும். செல்லக்கனியைப் பார்த்து, "ஏம்மா, வாய் இல்ல உனக்கு? கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு வேடிக்கையா பாத்துக்கிட்டு இருந்த? முதல்லயே சொன்னா என்ன?" என்று கத்தினார். அவள் தரையைப் பார்த்தாள். ஒல்லி டாக்டரும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ரெண்டு பேரும் ஒரே தரைக்கல்லில் ஒரே விரிசலை. யாரு தலைமாடு அம்மா என்று தான் கேட்டதையும் இவள் நாந்தான் என்றதையும் அவர் சொல்லிவிடுவார் என்று பயந்தாள். அவர் சொல்லவில்லை. சொன்னால் பேரைக் கேட்காமல் வந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தொண்டைமணி ஏறி இறங்கியது, அவ்வளவுதான். புஷ்பத்தக்கா குறுக்கே வந்து நின்றாள், கட்டிலுக்கும் டாக்டருக்கும் நடுவில், "அவளை அரட்டாதீங்க சார். அது வாயில்லாப் பூச்சி. தண்ணி வேணும்னாக்கூட கேக்கத் தெரியாது. எடத்தை மாத்திப் போட்டது நாந்தான், என்னைய ஏசுங்க. கடைசியில அவதான் சார் பைய எட்டிப் பிடிச்சா." பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போய்விட்டார், குஞ்சுகளும் போயின. விசிறி தலைமாட்டுக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்தது, கால்மாட்டில் வர்ஷிதா மறுபடி முனகத் தொடங்கினாள். புஷ்பத்தக்கா மகளின் உதட்டைப் பஞ்சால் நனைத்துக்கொண்டே இருந்தாள், நனைக்க நனைக்க அது காய்ந்தது. ஜெனிபாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், தன் ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தாள், குரல் முதன்முதலாகச் சின்னதாக வந்தது. "நீ கம்பிக்கிட்ட நின்னு சொல்லத்தான் செஞ்சிருப்ப, இல்லட்டி? அந்தப் பாவிமாரு காதுலதான் விழுந்திருக்காது. உன் சத்தந்தான் எனக்குத் தெரியுமே." வர்ஷிதாவின் காதுக்குப் பின்னால் இருந்த மச்சத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு செல்லக்கனி நிமிர்ந்து பார்த்தாள். புஷ்பத்தக்கா பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ம்" என்றாள்.